சட்டமும் பரப்புரையும்: பிரிட்டனின் பொது நிறுவனங்களில் பால், பாலின அடையாளக் கொள்கைகள் உருவான முறை

முன்னுரை

சட்டம் நாடாளுமன்றத்தில் பிறக்கிறது என்பது நாம் பாடநூல்களில் கற்ற செய்தி. ஆயினும் அது குடிமக்களைச் சென்றடைவது நாடாளுமன்றத்தின் வழியாக அன்று. பல்கலைக்கழகம் தன் பணியாளர்களுக்கு வழங்கும் நெறிமுறை, மருத்துவமனை தன் படுக்கைக் கூடங்களுக்கு வகுக்கும் விதி, சிறைத்துறையின் உள்சுற்றறிக்கை, கணக்கெடுப்புப் படிவத்தின் அடிக்குறிப்பு ஆகிய இவையே சட்டம் மக்களைத் தொடும் வாயில்கள். இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் சட்ட வல்லுநர் அல்லர். ஆகவே அவர்கள் ஆலோசனை நாடுகின்றனர். ஆலோசனை வழங்குவோர் யார், சட்டத்தை அவர்கள் உள்ளவாறே உரைக்கின்றனரா, தாம் விரும்பியவாறு உரைக்கின்றனரா என்னும் வினா அப்போது எழுகிறது.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரை பால், பாலின அடையாளம் ஆகியவை குறித்து நடந்த நீண்ட சச்சரவு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு களமாகும். இக்கட்டுரையில் அச்சச்சரவின் அறநிலைப் பக்கங்களுள் ஒன்றை ஆதரித்து வாதிடுவது நம் நோக்கமன்று. ஒரு கொள்கை எவ்வழியில் பொது நிறுவனங்களுக்குள் நுழைந்தது, அவ்வழியில் என்ன குறை இருந்தது, அக்குறையின் விலையை யார் கொடுத்தனர் என்பனவற்றையே காண முற்படுகிறோம்.

சொற்பொருள் விளக்கம்

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். இக்கட்டுரையில் ‘பால்’ என்பது உடலியல் அடிப்படையிலான ஆண், பெண் பாகுபாட்டைக் குறிக்கும். ‘பாலின அடையாளம்’ என்பது ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணரும் அகநிலையைக் குறிக்கும். பிறப்பில் பதிவு செய்யப்பட்ட பாலினின்றும் வேறுபட்ட அடையாளத்தோடு வாழ்வோரைத் ‘திருநர்’ எனப் பொதுவாகவும், ‘திருநங்கை’, ‘திருநம்பி’ எனத் தனித்தனியாகவும் சுட்டுவோம்.

தமிழ் வழக்கில் ‘பாலினம்’ என்னும் ஒரே சொல் இரு பொருளுக்கும் வழங்குகிறது. படிவங்களில் ஆண், பெண் எனக் குறிக்குமிடத்திலும் அதுவே நிற்கிறது. சமூகவியல் நூல்களிலும் அதுவே நிற்கிறது. இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் பாலின அங்கீகாரச் சட்டம் (2004) தன் ஒன்பதாம் பிரிவில், சான்றிதழ் பெற்றவரின் பாலினம் எல்லா நோக்கங்களுக்கும் அவர் அடைந்த பாலினமாகும் எனக் கூறி, அதே வாக்கியத்தின் தொடர்ச்சியில் அவருடைய பாலும் அதுவேயாகும் எனச் சேர்த்துரைக்கிறது. இருவேறு சொற்கள் ஒரே பிரிவில் ஒன்றன் பொருளை மற்றொன்றுக்கு ஏற்றி நிற்கின்றன. பின்னர் எழுந்த வழக்குகள் பலவற்றுக்கு இவ்வாக்கியம் ஒரு வித்தாக அமைந்தது.

வகைப்பாட்டுக்குள் எளிதில் அடங்காதாரை எவ்வாறு சுட்டுவது என்னும் சிக்கல் தமிழ் இலக்கணிகளும் எதிர்கொண்டதே. பேடு என்னும் பெயர்க்கு எவ்வகை வினைமுடிபு பொருந்தும் எனத் தொல்காப்பியமும் நன்னூலும் தனியே விதி வகுத்துள்ளன. இலக்கணியின் விதி வாக்கியத்தோடு நின்றுவிடும். நிறுவனத்தின் விதியோ ஒருவர் எந்த அறையில் உறங்குவது, எந்தச் சிறையில் அடைபடுவது என்பதை முடிவு செய்யும். ஆதலின் நிறுவனம் ஆளும் சொல்லுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

அழுத்தக் குழுக்களின் நியாயமான இடம்

அழுத்தக் குழு என்றவுடன் மறைமுகச் சூழ்ச்சி என எண்ணிவிடலாகாது. ஒடுக்கப்பட்டோர் ஒன்றுகூடி அரசை அணுகுவது மக்களாட்சியின் இயல்பான செயற்பாடு. 1988ஆம் ஆண்டில் பிரிட்டன் இயற்றிய உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளாட்சி மன்றங்கள் ஒருபாலீர்ப்பை ‘ஊக்குவிப்பதை’த் தடை செய்தது. இதனால் பள்ளிகளில் ஆசிரியர்கள் அப்பொருள் பற்றிப் பேசவே அஞ்சினர். இப்பிரிவை எதிர்த்தே 1989இல் ‘ஸ்டோன்வால்’ என்னும் அமைப்பு தோன்றியது. ஸ்காட்லாந்தில் 2000ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2003ஆம் ஆண்டிலும் அப்பிரிவு நீக்கப்பட்டது. படைத்துறையில் ஒருபாலீர்ப்பினர் பணியாற்றுவதற்கிருந்த தடை 2000ஆம் ஆண்டில் நீங்கியது. 2004இல் குடிமைத் துணைமைச் சட்டமும், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு 2013இல் ஒருபால் திருமணச் சட்டமும் நிறைவேறின. இவற்றில் ஸ்டோன்வாலின் பங்கு பெரிது.

திருநர் உரிமைகளும் இவ்வாறே வென்றெடுக்கப்பட்டன. 1992இல் தொடங்கப்பட்ட ‘பிரஸ் ஃபார் சேஞ்ச்’ என்னும் குழு சட்டமாற்றம் வேண்டிப் பத்தாண்டுகள் உழைத்தது. 2002ஆம் ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்வின் வழக்கில், ஒரு திருநங்கைக்குச் சட்ட அங்கீகாரம் மறுத்தது அவருடைய தனிவாழ்வுரிமையையும் திருமண உரிமையையும் மீறியதாகும் எனத் தீர்ப்பளித்தது. அதன் விளைவே 2004ஆம் ஆண்டின் பாலின அங்கீகாரச் சட்டம். பதினெட்டு வயது நிறைந்தவர், மருத்துவச் சான்றுடனும் இரண்டாண்டு வாழ்ந்த சான்றுடனும் ஒரு குழுவிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் பெறலாம் என அது வகை செய்தது.

மேற்கூறிய முயற்சிகள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மையைக் காண்கிறோம். கோரிக்கை வெளிப்படையாக வைக்கப்பட்டது. எதிர்ப்பும் வெளிப்படையாக எழுந்தது. நீதிமன்றமோ நாடாளுமன்றமோ காரணங்கூறி முடிவெடுத்தது. வென்றவரும் தோற்றவரும் எதன்பேரில் வென்றோம், எதன்பேரில் தோற்றோம் என்பதை அறிந்திருந்தனர்.

ஆலோசகரும் தேர்வாளரும் ஒருவராதல்

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் ஒன்பது தன்மைகளைப் பாகுபாட்டினின்றும் காக்கிறது. ‘பால்’ அவற்றுள் ஒன்று. ‘பாலின மாற்றம்’ மற்றொன்று. ‘பாலின அடையாளம்’ என்னும் தொடர் அப்பட்டியலில் இல்லை. மேலும், தக்க காரணமிருப்பின் ஒரு பாலார்க்கு மட்டுமேயான சேவைகளை நடத்தவும் அச்சட்டம் விதிவிலக்குகள் அளித்துள்ளது. நாடாளுமன்றக் குழு ஒன்று 2016ஆம் ஆண்டில் ‘பாலின அடையாளம்’ என்பதைச் சட்டத்தில் சேர்க்கவும், தற்கூற்றின் அடிப்படையில் அங்கீகாரம் வழங்கவும் பரிந்துரைத்தது. அரசு 2018இல் மக்கள் கருத்தைக் கேட்டது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுமொழி அளித்தனர். 2020ஆம் ஆண்டு செப்டம்பரில், தற்கூற்று முறையைக் கொண்டுவரப் போவதில்லை என அரசு அறிவித்தது.

ஆனால், சட்டத்தில் நிகழாத மாற்றம் நிறுவன நெறிமுறைகள் பலவற்றில் அதற்கு முன்னரே நிகழ்ந்திருந்தது. இது எவ்வாறு இயன்றது?

ஸ்டோன்வால் 2001ஆம் ஆண்டில் வேலை வழங்குநர்க்கென ஓர் உறுப்புரிமைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 பவுண்டு முதல் கட்டணம் செலுத்தும் நிறுவனங்களுக்கு அது ஆலோசனையும் பயிற்சியும் வழங்கியது. 2005 முதல் நிறுவனங்களை மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தும் குறியீட்டையும் வெளியிட்டது. தொடக்கத்தில் ஒருபாலீர்ப்பினர்க்காக மட்டும் இயங்கிய இவ்வமைப்பு 2015இல் திருநர் உரிமையையும் தன் பணியாக ஏற்றது. 2021ஆம் ஆண்டளவில் 850க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இத்திட்டத்தில் இருந்தன. அமைச்சகங்கள், காவல்துறைகள், பல்கலைக்கழகங்கள், ஒலிபரப்பு நிறுவனங்கள், ஏன், சமத்துவச் சட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையமே கூட, அவற்றுள் அடங்கும்.

இத்திட்டத்தின் செயற்பாட்டைச் சற்று நுணுகி நோக்குவோம். நிறுவனம் தன் கொள்கை ஆவணங்களை ஸ்டோன்வாலிடம் அளிக்கும். அவ்வமைப்பு அவற்றைப் படித்து, திருத்தங்கள் கூறி, மதிப்பெண் இடும். பேறுகால விடுப்பு விதிகளில் பால் சுட்டாச் சொற்களை ஆளுதல், கழிப்பறை, உடைமாற்றும் அறை ஆகியவற்றை அடையாளத்தின்படி பயன்படுத்த இடமளித்தல் போன்றவை அதன் எதிர்பார்ப்புகளுள் அடங்கும். மறு ஆண்டில் நிறுவனம் திருந்திய ஆவணங்களோடு மீண்டும் தேர்வெழுதும். பாடம் கற்பிப்பவர், வினாத்தாள் அமைப்பவர், விடை திருத்துபவர் ஆகிய மூவரும் ஒருவரே என்னும்போதே ஆசிரியர்களாகிய நமக்கு அதில் ஒரு தயக்கம் எழும். அம்மூவரோடு, பாடநூலையே மாற்ற வேண்டும் எனப் பரப்புரை செய்பவரும் அவரே என்பது இங்கே கருதத்தக்கது. சட்டத்தை மாற்றக் கோருவது ஸ்டோன்வாலின் உரிமை. கோரும் மாற்றம் நிகழ்ந்துவிட்டது போன்ற தோற்றத்தை நெறிமுறைகள் தருமாயின், அது வேறொரு செயலாகிவிடுகிறது.

இதற்கு ஓர் அமைப்பை மட்டும் காரணமாக்குதல் முறையாகாது. மதிப்பெண்ணை விரும்பி நாடியவை நிறுவனங்களே. முதல் நூற்றுவர் பட்டியலில் இடம்பெறுவது விளம்பரத்துக்கு உதவியது. தாமே சட்டத்தைப் படித்துப் பொருள்கொள்ளும் உழைப்பையும் அது மிச்சப்படுத்தியது.

எசெக்ஸ் பல்கலைக்கழகம்: ஓர் எடுத்துக்காட்டு

இவ்வழியின் குறை முதன்முதலில் தெளிவாக வெளிப்பட்டது ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் பேராசிரியர் ஜோ ஃபீனிக்ஸ் திருநர் உரிமையும் சிறையும் பற்றி உரையாற்ற அழைக்கப்பட்டிருந்தார். மாணவர் சிலரின் எதிர்ப்பால் அக்கருத்தரங்கு அன்றே கைவிடப்பட்டது. அடுத்த மாதம், யூதப் படுகொலை நினைவு வாரத்தையொட்டிய நிகழ்வில் சட்டப் பேராசிரியர் ரோசா ஃபிரீட்மன் பங்கேற்பதும் அவருடைய பாலினக் கருத்துகள் காரணமாகச் சிக்கலுக்குள்ளானது.

பல்கலைக்கழகம் வழக்குரைஞர் அகுவா ரைண்டார்ஃபிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2021ஆம் ஆண்டு மே மாதம் வெளியான அவருடைய அறிக்கை, ஃபீனிக்ஸின் உரையைக் கைவிட்டமை கருத்துரிமைக் கடமைகளுக்கு முரணானது என முடிவு கூறியது. அத்துடன், திருநர் பணியாளர் குறித்த பல்கலைக்கழகத்தின் கொள்கை ஆவணம் சட்டத்தைத் தவறாக உரைத்துள்ளது என்றும் காட்டியது. சட்டம் ‘பாலின மாற்றம்’ என வரையறுத்துக் கூறும் இடத்தில் ஆவணம் ‘பாலின அடையாளம்’ எனப் பொதுவாகக் கூறியிருந்தது. ஆண்டுதோறும் ஸ்டோன்வாலின் பார்வைக்குச் சென்று வந்தும் இப்பிழை திருத்தப்படவில்லை. சட்டம் உள்ளவாறின்றி, ஸ்டோன்வால் விரும்புமாறு அதில் எழுதப்பட்டுள்ளது என்பது அவர் கருத்தின் சாரம். துணைவேந்தர் இரு பேராசிரியர்களிடமும் மன்னிப்புக் கோரினார். ஸ்டோன்வால் தான் தவறான ஆலோசனை வழங்கியதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நடுநிலை கருதி ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். சமத்துவ ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறைத் தொகுப்பே, சேவை வழங்குவோர் திருநரைப் பொதுவாக அவர்கள் வாழும் பாலினத்தின்படி நடத்த வேண்டும் எனக் கூறியிருந்தது. ஆகவே ஸ்டோன்வாலின் நிலைப்பாடு முற்றிலும் ஆதாரமற்றது எனக் கூறவியலாது. ஆனால் அத்தொகுப்பு விதிவிலக்குகளையும் உடன் கூறியிருந்தது. பரப்புரையாளரின் சுருக்கத்தில் பொதுவிதி தங்கியது, விதிவிலக்கு மங்கியது. நிறுவனங்கள் மூலத்தைப் படிக்காமல் சுருக்கத்தைப் படித்தன.

2021ஆம் ஆண்டில் சமத்துவ ஆணையமும், நீதி அமைச்சகமும், பிபிசி நிறுவனமும் அத்திட்டத்திலிருந்து விலகின. பிபிசி, சர்ச்சைக்குரிய பொதுப்பொருளில் தன் நடுநிலை குறித்து வினா எழுவதைக் காரணமாகக் கூறியது. அவ்வாண்டு ஜூன் மாதம் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் மாயா ஃபோர்ஸ்டேட்டர் வழக்கில், பால் மாற்றவியலாதது என்னும் நம்பிக்கையும் சட்டப் பாதுகாப்புக்குரியதே எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பே, அந்நம்பிக்கை திருநரைத் துன்புறுத்துவதற்கு உரிமையாகாது என்றும் தெளிவுறக் கூறியது.

எண்ணிக்கையும் மொழியும்

2021ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மற்றோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. பால் என்ன என்னும் கேள்விக்குக் கடவுச்சீட்டில் உள்ளவாறும் விடையளிக்கலாம் எனப் புள்ளியியல் அலுவலகம் குறிப்புரை வெளியிட்டது. சட்டச் சான்றிதழ் இல்லாமலே கடவுச்சீட்டில் பாற்குறிப்பை மாற்றிக்கொள்ள இயலும். ‘ஃபேர் பிளே ஃபார் விமன்’ என்னும் மகளிர் பரப்புரை அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. கணக்கெடுப்பு நாளுக்குச் சில நாள்கள் முன்னர் அலுவலகம் குறிப்புரையைத் திருத்த இசைந்தது. அதே அமைப்பு ஸ்காட்லாந்தின் கணக்கெடுப்பை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2022இல் தோல்வியுற்றது. ஒரே கேள்விக்கு ஒரே நாட்டின் இரு பகுதிகளில் இரு பொருள் நிலவியது.

அக்கணக்கெடுப்பில் பாலின அடையாளம் பற்றிய கேள்வியும் முதன்முறையாக இடம்பெற்றது. நீங்கள் உணரும் பாலினமும் பிறப்பில் பதிவான பாலும் ஒன்றா என்பது அதன் பொருள். பதினாறு வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 2,62,000 பேர், அதாவது 0.5 விழுக்காட்டினர், ‘இல்லை’ என விடையளித்தனர். இவ்விடைகள் எங்கே மிகுந்திருந்தன என்பதே மொழியாசிரியர்கள் கவனிக்க வேண்டியது. இலண்டனின் நியூஹம், பிரெண்ட் ஆகிய வட்டாரங்கள் முதலிடங்களைப் பெற்றன. தமிழர் செறிந்து வாழும் ஈஸ்ட் ஹாம் நியூஹமிலும், வெம்பிளி பிரெண்டிலும் உள்ளன என்பதைப் பலரும் அறிவர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் மிகுந்த பகுதிகள் இவை. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மைக்கேல் பிக்ஸ் முதலானோர், ஆங்கிலப் புலமை குறைந்தோர் பலர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடும் எனச் சுட்டினர். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் இப்புள்ளிவிவரங்கள் தம் முழுத்தகுதியை இழந்து, வளர்ச்சி நிலையிலுள்ள புள்ளிவிவரங்கள் என வகைமாற்றம் பெற்றன.

இதனால் இழப்புற்றோர் யார்? முதலில், திருநரே. தம் தொகை எவ்வளவு, தமக்கு எவ்வளவு மருத்துவ வசதி தேவை எனக் காட்டவல்ல நம்பகமான எண்ணிக்கை அவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று. புலம்பெயர்ந்தோரின் விடையும் பிழைபட்டது. பேராசிரியர் ஆலிஸ் சலிவன் அரசுக்காக நடத்திய ஆய்வு, 2025ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியானபோது, பொது நிறுவனங்கள் பலவற்றின் தரவுகளில் பாலும் பாலின அடையாளமும் கலந்து கிடப்பதைச் சுட்டி, இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யுமாறு பரிந்துரைத்தது.

அமைதியாக நடந்த மாற்றம்

ஸ்காட்லாந்தின் சிறைத்துறை 2014ஆம் ஆண்டில், கைதிகளை அவர்கள் வாழும் பாலினத்தின்படி சிறையில் இடுவதற்கான கொள்கையை வகுத்தது. திருநர் உரிமை அமைப்புகள் அதன் உருவாக்கத்தில் பங்குகொண்டன. 2019இல் கேத் மரேயும் லூசி ஹன்டர் பிளாக்பர்னும் ஸ்காட்லாந்து ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை, சிறைக் கொள்கையையும் கணக்கெடுப்புத் திட்டத்தையும் ஆராய்ந்து, இவற்றைக் ‘கொள்கைக் கைப்பற்றல்’ என அழைத்தது. பாதிக்கப்படக்கூடிய ஒரு தரப்பாகிய பெண் கைதிகளின் நலன் கணக்கில் கொள்ளப்படவில்லை என்பது அவர்களின் வாதம்.

பெண் கைதிகளுள் முன்னரே வன்முறைக்கு ஆட்பட்டோர் பலர். ஆண் சிறையில் இடப்படும் திருநங்கையும் வன்முறைக்கு ஆளாகும் நிலையில் உள்ளவரே. இரண்டு அச்சங்களும் உண்மையானவை. அவற்றை எடைபோடுவது கடினம் என்பதாலேயே இரு தரப்பினரும் அமர்ந்திருக்கும் அவையில் அது நிகழ்ந்திருக்க வேண்டும்.

வெளிப்படையின்மை சில இடங்களில் உத்தியாகவே கருதப்பட்டது. ஐரோப்பிய இளையோர் உரிமை அமைப்பொன்று, ‘டென்டன்ஸ்’ சட்ட நிறுவனம், தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஆகியவற்றோடு 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, வெற்றி கண்ட நாடுகளின் பரப்புரையாளர்கள் கையாண்ட வழிகளைத் தொகுத்தது. மக்களாதரவு மிக்க வேறொரு சீர்திருத்தத்தோடு தம் கோரிக்கையை இணைத்தல், ஊடகக் கவனத்தை மிகுதியாக ஈர்க்காதிருத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். கேலியும் வெறுப்பும் மிகுந்த ஊடகச் சூழலில் இவ்வெச்சரிக்கை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும், விவாதிக்கப்படாமல் வந்த விதிக்குப் பாதுகாவலர் குறைவு. எதிர்ப்பு எழும் நாளில் அவ்விதியின் நியாயத்தை எடுத்துரைக்கவல்லவர் நிறுவனத்தினுள் இரார். பின்னர் நிகழ்ந்தது இதனை மெய்ப்பித்தது.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2018இல், பொது வாரியங்களில் பெண்கள் பாதியளவு இடம்பெற வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. அதில் ‘பெண்’ என்னும் சொல்லின் வரையறையை எதிர்த்து, அவ்வாண்டு தோன்றிய ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்னும் குழு வழக்குத் தொடுத்தது. அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற திருநங்கை, சமத்துவச் சட்டத்தின் நோக்கில் பெண்ணாவாரா என்பதே இறுதியில் தீர்க்க வேண்டிய வினாவாயிற்று. ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் 2022 டிசம்பரிலும் 2023 நவம்பரிலும் ‘ஆவார்’ என்றன. ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று, சமத்துவச் சட்டத்தில் ‘பால்’ என்பது உடலியற் பாலையே குறிக்கும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பாலின மாற்றம் என்னும் தனித்தன்மையின் வழியாகத் திருநர்க்குள்ள பாதுகாப்பு குறைவின்றித் தொடர்கிறது என்பதையும் அத்தீர்ப்பு விரிவாக எடுத்துரைத்தது. அதுவரை சான்றிதழ் பெற்றிருந்தோர் ஏறத்தாழ 8,500 பேர் மட்டுமே. ஆனால் தீர்ப்பின் விளைவு அவர்களோடு நிற்கவில்லை.

இத்தீர்ப்பை மகளிர் அமைப்புகள் பல வரவேற்றன. திருநர் பலர் தங்கள் வாழ்வின் நிலைப்பாடே குலைந்ததாக உணர்ந்தனர். பத்தாண்டுகளாகத் தம் நிறுவனத்தின் நெறிமுறையை நம்பி, சட்டம் தமக்கு இன்ன உரிமையை உறுதியளித்துள்ளது என எண்ணி வாழ்ந்தவர்கள் அவர்கள். அவ்வுறுதி, எதிர்வாதம் கேட்கப்படாமல் எழுதப்பட்ட நெறிமுறையின் உறுதியாக இருந்தது என்பதை அவர்கள் தீர்ப்பு நாளில்தான் அறிய நேர்ந்தது. ஆலோசனையின் தவற்றுக்கு ஆலோசகரோ நிறுவனமோ கொடுத்த விலையினும் இவர்கள் கொடுத்த விலை பெரிது. மறுபுறம், கேள்வி எழுப்பியமைக்காகப் பணியிழந்தவர்களும், உரையாற்ற இடம் மறுக்கப்பட்டவர்களும் உளர்.

அளவுகோல் இரு தரப்புக்கும் பொது

வழக்கை வென்றவையும் அழுத்தக் குழுக்களே என்பதை நாம் மறத்தலாகாது. ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ அமைப்புக்கு எழுத்தாளர் ஜே.கே. ரவ்லிங் 2024இல் 70,000 பவுண்டு வழங்கினார். ஃபோர்ஸ்டேட்டர் இணைந்து 2021இல் நிறுவிய ‘செக்ஸ் மேட்டர்ஸ்’ என்னும் அமைப்பு அவ்வழக்கில் குறுக்கீட்டாளராக வாதிட்டது. திருநர் இருவர் அவ்வாறு வாதிட விடுத்த விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்பது தீர்ப்பின்மீது வைக்கப்படும் குறைகளுள் ஒன்று. ‘செக்ஸ் மேட்டர்ஸ்’ தானும் நிறுவனங்களுக்கு வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டு வருகிறது. ஒரு பரப்புரை அமைப்பின் சுருக்கத்தை நம்பி இடறிய நிறுவனம், எதிர்த்தரப்பின் சுருக்கத்தை அதே நம்பிக்கையோடு கையில் எடுக்குமாயின், அது பாடம் கற்றதாகாது. ஆளை மாற்றிக்கொண்டதாகவே ஆகும்.

ஆகவே எத்தரப்பினர் ஆயினும் அவர்தம் ஆலோசனையைப் பெறும் நிறுவனம் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சில உள. நெறிமுறையில் உள்ள சட்டக்கூற்று ஒவ்வொன்றும் சட்டத்தின் எப்பிரிவிலிருந்து வருகிறது? ஆலோசனை வழங்குபவர் அச்சட்டத்தை மாற்றக் கோருபவராகவும் உள்ளாரா? இவ்விதியால் இழப்புறக்கூடியவர் யார், அவர் கேட்கப்பட்டாரா? மதிப்பெண்ணோ பட்டியலிடமோ முடிவில் பங்கு வகித்ததா? சட்டம் தெளிவற்ற இடத்தில் அத்தெளிவின்மையை நெறிமுறை ஒப்புக்கொள்கிறதா? இவ்வினாக்களுக்கு விடை எழுதுவதற்குப் பெரும்பொருட்செலவு வேண்டியதில்லை.

முடிவுரை

பிரிட்டனின் பத்தாண்டுப் பட்டறிவை இங்ஙனம் தொகுத்துக் காணும்போது, பரப்புரைக்குப் பொதுவாழ்வில் இடமுண்டு என்பதும், அவ்விடம் வாதியின் இடமே என்பதும் புலனாகின்றன. 28ஆம் பிரிவை எதிர்த்தோரும், குட்வின் வழக்கை நடத்தியோரும், 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெற்றோரும் வாதிகளாக அவையேறினர். வாதியே ஆசானாகவும் தேர்வாளராகவும் அமர்த்தப்பட்ட இடங்களில்தான் சட்டம் திரிந்தது.

பொது ஆங்கிலேயச் சட்ட மரபைத் தழுவியவை மலேசியாவும் சிங்கப்பூரும். இந்நாடுகளின் சட்டங்களும் சமூக நிலைமைகளும் பிரிட்டனினும் வேறுபட்டவை. ஆதலின் அங்கு எழுந்த முடிவுகளை இங்குப் பெயர்த்து நடுதல் பொருந்தாது. ஆயினும் தரவரிசை, தரச்சான்று, வெளியாரின் பயிற்சி ஆகியன எல்லா நாட்டுக் கல்வி நிறுவனங்களிலும் பெருகிவரும் காலம் இது. எப்பொருள் பற்றிய நெறிமுறையாயினும், கையொப்பமிடுமுன் மூலச் சட்டத்தைத் தாமே படித்துப் பார்ப்பதும், அதனால் பாதிக்கப்படுவோர் அனைவரையும் ஒரே அவையில் கேட்பதும் நிறுவனங்களின் கடமையாகும். உரையை மட்டும் படித்து மூலத்தைப் படிக்காத மாணவனை நாம் கண்டிப்பது வழக்கம். அக்கண்டிப்பு, நெறிமுறை எழுதும் குழுக்களில் அமர்கையில் நமக்கும் உரியதே.